வீடு பார்க்கும் முன் பகுதியைப் பாருங்கள்: வேலைக்காகப் புது நகரத்துக்குக் குடிபெயர்வோருக்கு ஒரு வழிகாட்டி

வேலை உறுதியாகிவிட்டது, சேர வேண்டிய தேதியும் நெருங்குகிறது. இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், வாடகை வீட்டுச் செயலியைத் திறந்து படம் பார்ப்பது. எத்தனை அறை, என்ன வாடகை, பால்கனி உண்டா, வெளிச்சம் வருமா என்று பார்த்துக்கொண்டே போய், மனத்துக்குப் பிடித்த ஒன்றில் நின்றுவிடுகிறார்கள். அந்த வீடு எங்கே இருக்கிறதோ அதுவே அவர்கள் வாழும் பகுதியாகிவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் குறைகளில் பலவற்றைச் சரிசெய்துகொள்ளலாம். வண்ணம் அடிக்கலாம், திரை போடலாம், ஓடாத மின்விசிறியை மாற்றலாம். ஆனால் தெருவின் இரைச்சலை, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் பள்ளத்தை, அலுவலகம் போய்ச்சேர ஆகும் ஒன்றேகால் மணி நேரத்தைக் குடியிருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். எனவே வேலை செய்யும் இடம், பயண நேரம், பகுதி, வீடு என்ற வரிசையில் போவோம்.

வேலை செய்யும் இடம் எது?

கேட்கவே தேவையில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆனால் நியமனக் கடிதத்தில் அச்சிட்டிருப்பது பல நேரங்களில் நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரி. நீங்கள் உட்காரப்போகும் கட்டடம் நகரத்தின் வேறொரு மூலையில் இருக்கலாம். வாடிக்கையாளர் அலுவலகத்தில் வேலை என்றால் சில மாதங்களில் அந்த இடமே மாறலாம். மனிதவளப் பிரிவினரிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்தக் கட்டடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும், இரவுப் பணி உண்டா, அலுவலகத்தை இடம் மாற்றும் திட்டம் இருக்கிறதா. நிறுவனத்துக்குச் சொந்தப் பேருந்து வசதி இருந்தால், அது நிற்கும் இடங்களின் பட்டியலையும் நேரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளே பாதி நகரத்தை உங்கள் பரிசீலனையிலிருந்து நீக்கிவிடும்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், இரண்டு அலுவலகங்களுக்கும் வரைபடத்தில் நடுவாக இருக்கும் இடத்தைத் தேடுவது வழக்கம். அது நியாயமாகத் தோன்றினாலும், அந்த நடுப்புள்ளியிலிருந்து இருவருக்கும் நேரடி ரயிலோ பேருந்தோ இல்லாமல் போகலாம். தூரத்தில் நடுவாக இருப்பதைவிட, இருவருக்கும் வண்டி மாறாமல் போகக்கூடிய ஒரே தடத்தில் இருப்பது நல்லது. ஒருவருக்கு 20 நிமிடம், மற்றவருக்கு 40 நிமிடம் என்றாலும் பரவாயில்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டு அழைத்து வரும் பொறுப்பு யாருக்கோ, அவர் பக்கம் வீடு சற்று நெருங்கியிருக்கட்டும்.

பயணத்துக்கு ஒரு வரம்பு

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் ஸஹாவியின் முந்தைய ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டது அது. வாகனங்கள் வேகம் கூடினாலும் நகரங்கள் பரந்தாலும், மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். போக அரை மணி, வர அரை மணி. பெருநகரத்தில் இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. என் கருத்தில், வாசலிலிருந்து வாசல் வரை 45 நிமிடத்தை மேல் வரம்பாக வைத்துக்கொண்டு தேடத் தொடங்குவது நல்லது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். பொருளியலாளர்கள் புரூனோ ஃப்ரையும் அலோய்ஸ் ஸ்டட்ஸரும் ஜெர்மனியில் பல ஆண்டுகள் தொடர்ந்து திரட்டிய குடும்ப ஆய்வுத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தொலைவில் குடியிருப்பவருக்கு அதற்கு ஈடாகக் குறைந்த வாடகையோ, நல்ல வீடோ, கூடுதல் சம்பளமோ கிடைக்கிறது; ஆகவே மனநிறைவில் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. அவர்கள் கண்டது வேறு. பயண நேரம் கூடக் கூட மக்கள் சொன்ன வாழ்க்கை நிறைவு குறைந்துகொண்டே போனது. பெரிய வீடு சில மாதங்களில் பழகிவிடுகிறது. நெரிசலில் நிற்பது பழகுவதில்லை.

நேரத்தைக் கணக்கிடும்போது வண்டிக்குள் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். நிறுத்தம் வரை நடை, காத்திருப்பு, மாறுதல், இறங்கிய பின் நடை, கட்டடத்தில் லிஃப்டுக்கு நிற்கும் வரிசை எல்லாம் சேர்ந்ததுதான் பயணம். 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால், நேரம் பார்க்காமல் போய் நிற்பவருக்குச் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். வழியில் ஒரு முறை மாற வேண்டும் என்றால் இன்னொரு காத்திருப்பு.

வரைபடச் செயலியில் இப்போதைய நேரத்தை வைத்துப் பார்க்காமல், வேலை நாள் ஒன்றைத் தேர்ந்து, அலுவலகம் சேர வேண்டிய நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள். மாலை திரும்பும் பயணத்தையும் தனியாகப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. 30 முதல் 65 நிமிடம் என்பதுபோல் ஒரு வீச்சு காட்டினால், பெரிய எண்ணையே உங்கள் எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகப் போகக் கூடாத வேலையில் நீங்கள் தினமும் அந்தப் பெரிய எண்ணுக்குத்தான் புறப்பட வேண்டியிருக்கும். அதனால்தான் சில நாள் 20, சில நாள் 55 என்று ஆடும் சாலைப் பயணத்தைவிட, எப்போதும் 35 நிமிடம் ஆகும் ரயில் பயணம் மேல் என்கிறேன்.

அலுவலகம் நகர எல்லையில் இருந்தால், நகர மையத்தின் பக்கம் குடியிருந்து கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போய்வருவது பெரிய ஆறுதல். சொந்த வண்டியில் போகிறவர்கள் திசையையும் கவனியுங்கள். அலுவலகத்துக்குக் கிழக்கே குடியிருந்தால் காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓட்டுவீர்கள். இரண்டு வேளையும் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மேற்கே குடியிருந்தால் இரண்டு வேளையும் கண்ணில் அடிக்கும். இரவு தாமதமாகத் திரும்புகிறவர்கள் கடைசி ரயிலும் கடைசிப் பேருந்தும் எத்தனை மணிக்கு என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையோடு பயணச் செலவையும் கூட்டுங்கள்

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவிடக் கூடாது என்ற விதி உலகம் முழுவதும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் அரசு உதவி பெறும் வீடுகளுக்கான வாடகை வரம்பு 1981இல் 25 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த எண்தான் பரவலாக நிலைத்துவிட்டது. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பயணச் செலவு இதில் இல்லை. சிகாகோவைச் சேர்ந்த ஓர் ஆய்வு மையம் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து 45 சதவீதம் என்று வரம்பு வைக்கிறது. சேர்த்துப் பார்க்கும் இந்த முறையே சரி என்று நினைக்கிறேன்.

இதோடு நேரத்தையும் கணக்கில் எடுங்கள். இரண்டு பகுதிகளுக்கு இடையே ஒரு வழிப் பயணத்தில் அரை மணி வித்தியாசம் என்றால், நாளுக்கு ஒரு மணி நேரம். மாதத்தில் 22 நாள் போனால் 22 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாள் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று நாட்கள். வாடகை வித்தியாசத்திலிருந்து கூடுதல் பயணச் செலவைக் கழித்து, மீதியை 22ஆல் வகுங்கள். தொலைவில் குடியிருப்பதன் மூலம் உங்களுடைய ஒரு மணி நேரத்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்தத் தொகை உங்களுக்குப் பெரிதாகப் பட்டால் தொலைவில் போங்கள். அதில் தவறே இல்லை. தெரிந்து செய்தால் போதும்.

நகர மையத்துக்கு நெருங்க நெருங்க இடத்தின் விலை ஏறும் என்பதை நகரப் பொருளியல் அறிஞர் வில்லியம் அலோன்ஸோ 1964இல் ஒரு கோட்பாடாகவே வகுத்துவிட்டார். எனவே நெருக்கமான பகுதியில், நல்ல சாலையில், வாடகை மட்டும் குறைவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. சில காரணங்கள் எல்லோருக்கும் கெடுதல்: வெள்ளம் வரும் பள்ளம், பின்னால் ஆலையோ குப்பைக் கிடங்கோ, வராத தண்ணீர். வேறு சில காரணங்கள் மற்றவர்களுக்குத்தான் குறை, உங்களுக்கு இல்லை. அருகில் நல்ல பள்ளி இல்லாததால் குடும்பங்கள் தவிர்க்கும் பகுதி, தனியாக வருகிறவருக்கு எந்தக் குறையும் வைக்காது. வண்டி நிறுத்த இடமில்லாத தெரு, வண்டியே இல்லாதவருக்கு ஒரு பொருட்டல்ல. லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி, முழங்கால் வலுவாக இருக்கும் வயதில் தாங்கக்கூடியது. உங்களுக்குத் தேவையில்லாத வசதிக்கு வாடகை கொடுக்காமல் இருப்பதுதான் நேர்மையான சேமிப்பு.

மூன்று தேவைகள் மட்டும்

பத்து அம்சங்களைப் பட்டியலிட்டால் எந்தப் பகுதியும் தேறாது. யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து விட்டுக்கொடுக்கவே முடியாத மூன்றை மட்டும் எழுதுங்கள். பள்ளி வயதுக் குழந்தைகள் இருந்தால் முதலில் பள்ளி இடம் உறுதியாகட்டும். வீடு அதன் பின்னால் வரட்டும். பெரியவர்கள் உடன் வந்தால் மருத்துவமனையும், தடுக்கி விழாமல் நடக்கக்கூடிய நடைபாதையும் முக்கியம். தனியாக வருகிறவருக்கு இரவு பத்து மணிக்கு மேலும் ஆள் நடமாட்டமுள்ள தெருவும், பக்கத்தில் உணவு கிடைக்கும் இடமும் போதுமானதாக இருக்கும். மளிகை, மருந்துக் கடை போன்ற அன்றாடத் தேவைகளுக்கு நகரத் திட்டமிடுவோர் 400 மீட்டரை, அதாவது ஐந்து நிமிட நடையை, ஓர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதுவே உங்களுக்கும் சரியான அளவு.

ஊரிலிருந்தபடியே மூன்று பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தைச் செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றுங்கள். ஆறு, ஏரி, கால்வாய், ரயில் பாதை, நெடுஞ்சாலை, விமான ஓடுதளம், ஆலைப் பகுதி ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஓடுதளத்தின் நீளவாக்கில் ஒரு கோட்டை இருபுறமும் நீட்டினால், அந்தக் கோட்டின் கீழ் உள்ள வீடுகளுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்வாகப் பறக்கும். வெள்ள அபாய வரைபடம் வெளியிடும் நகரமாக இருந்தால் அதையும் பாருங்கள். ‘நூறாண்டு வெள்ளம்’ என்று அதில் குறித்திருப்பது நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்ற பொருளில் அல்ல; ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்று பொருள். வரப்போகும் மெட்ரோ நிலையத்தைக் காட்டி வாடகையை உயர்த்திச் சொல்வார்கள். ரயில் ஓடாத வரை அது உங்கள் கணக்கில் சேராது. நிலையம் கட்டி முடியும் வரை தூசும் சத்தமும்தான் உங்கள் பங்கு.

உடன் வேலை செய்யப்போகிறவர்களிடம் விசாரியுங்கள். “அந்த ஏரியா நல்ல ஏரியாவா?” என்று கேட்டால் “நல்ல ஏரியாதான்” என்ற பதில்தான் வரும். நேற்று எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினீர்கள், எத்தனை மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தீர்கள், கடைசியாக எப்போது தண்ணீர் நின்றது, மின்சாரம் போனது, இன்றைக்கு வீடு மாற்றுவதாக இருந்தால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். பாதுகாப்பைப் பற்றி ஆண்களிடமும் பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே தெருவைப் பற்றி இருவரும் சொல்வது வேறாக இருக்கும், பெண்கள் சொல்வதையே கணக்கில் எடுங்கள். குற்ற எண்ணிக்கையைக் காட்டும் வரைபடங்களை அப்படியே நம்பிவிட வேண்டாம். கடைவீதியில் வந்துபோகிறவர்கள் ஏராளம். அங்கே குடியிருப்பவர்கள் கொஞ்சம். அதனால் எண்ணிக்கை மிகுந்து தெரியும். எந்த வகைக் குற்றம், எந்த நேரத்தில் நடக்கிறது என்பதுதான் பயன்படும் செய்தி.

வெளியூர்க்காரர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் வீடு தரத் தயங்கும் இடங்கள் எந்த நகரத்திலும் உண்டு. இது மனத்தைப் புண்படுத்தும் விஷயம். உங்களுக்கு முன் வந்து வீடு எடுத்தவர்களிடம் எந்தப் பகுதியில் இந்தத் தொல்லை குறைவு என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் பல வாசல்களில் நிற்கும் வேதனை மிச்சமாகும்.

நேரில் வருவதற்கு முன் பணம் அனுப்பாதீர்கள்

இதில் விதிவிலக்கே வேண்டாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி தபாலில் வரும், நிறையப் பேர் கேட்கிறார்கள், முன்பணம் போட்டால் பிடித்து வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மோசடிக்காரர்கள் குறிவைப்பது, ஊர் தெரியாமல் தேதியின் நெருக்கடியில் இருப்பவர்களைத்தான்.

முதல் மாதத்துக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஒன்றைப் பிடியுங்கள். நிறுவன விருந்தினர் விடுதியோ, மாத வாடகை அறையோ, நண்பரின் வீடோ எதுவானாலும் சரி. கூடுமானால் உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பகுதியிலேயே தங்குங்கள். அந்த மாதம் செலவாகும் கூடுதல் பணத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். ஓராண்டு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு பாதியில் வெளியேறினால் இழக்கும் முன்பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடந்து பாருங்கள்

மூன்று பகுதிகளுக்கும் வேலை நாள் காலை, வேலை நாள் மாலை, இரவு, விடுமுறை நாள் என்று வேறு வேறு நேரங்களில் போக வேண்டும். தரகர் உங்களை அழைத்துப் போவது பெரும்பாலும் நண்பகலில். நீங்கள் வீட்டிலேயே இருக்கப்போகாத நேரம் அது. மழை பெய்யும் நாள் ஒன்று அமைந்தால், எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கிவிட்டு அன்றைக்குப் போய்ப் பாருங்கள்.

போனதும் சுவர்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரே உயரத்தில் நீளமாகக் கறை ஓடினால் அது தண்ணீர் நின்ற அளவு. பழைய வீடுகளின் வாசல் சாலையைவிடத் தாழ்ந்தும் புதிய வீடுகளின் தளம் மிக உயர்ந்தும் இருந்தால், அங்கே வசிப்பவர்கள் எதையோ பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். மின்மோட்டாரும் மீட்டரும் எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் அதே கதையைச் சொல்லும்.

அடுத்து, போக்குவரத்து. நகர வடிவமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஆய்வு செய்தார். அவற்றுக்கிடையே முக்கிய வேறுபாடு வாகனங்களின் எண்ணிக்கை. நாளுக்கு ஏறக்குறைய 2,000 வாகனங்கள் போன தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வாகனங்கள் போன தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, சராசரி 0.9. யாரையும் தெரியாத ஊருக்குப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் என்ன இருக்க முடியும்? பிரதான சாலையைத் தவிர்த்து, அதிலிருந்து உள்ளே போகும் இரண்டாவது, மூன்றாவது தெருவைத் தேடுங்கள். நிறுத்தம் பக்கத்தில் இருக்கும். சத்தம் தொலைவில் இருக்கும்.

சத்தத்தைக் காதால் மட்டும் மதிப்பிடாமல், கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். துல்லியம் குறைவுதான், ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிடப் போதும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலை இரைச்சல் நாள் முழுவதற்குமான சராசரியில் 53 டெசிபெலுக்கும், இரவில் 45 டெசிபெலுக்கும் கீழே இருக்கப் பரிந்துரைத்தது. நெரிசலான நகரங்களில் இதை எட்டுவது கடினம் என்றாலும், படுக்கையறைச் சன்னல் சாலையைப் பார்க்காமல் உட்புறம் பார்த்திருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். நீங்கள் போன நாளில் வானம் அமைதியாக இருந்தால், அன்றைக்குக் காற்று மறுபக்கம் வீசியிருக்கலாம். ஆலைப் புகையும் சாக்கடை நாற்றமும் அப்படித்தான். இவற்றையெல்லாம் அங்கேயே வசிப்பவரிடம் கேட்பதே வழி.

யாரிடம் கேட்பது? தெருமுனைக் கடைக்காரர், காவலாளி, மாலையில் குழந்தையோடு வெளியே நிற்கும் தாய். எல்லோரையும்விட, வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பவர். ஏன் போகிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவருக்கு எதையும் மறைக்கத் தேவையில்லை. அந்தி நேரத்தில் குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்களா, முதியவர்கள் தனியாக நடக்கிறார்களா என்று பாருங்கள். இரவில் நிறுத்தத்தில் இறங்கி வீட்டு வாசல் வரை அதே பாதையில் நடந்து பாருங்கள். விளக்கில்லாத நூறு மீட்டர் இருந்தால், தினமும் அந்த நூறு மீட்டரைக் கடக்க வேண்டியது நீங்கள்தான். சிக்னல் கிடைக்கிறதா என்று அறிய, வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு கைபேசியில் ஒருவரோடு பேசியும் பாருங்கள்.

முடிவெடுக்கும்போது

பெரிய வீடு தொலைவில், சிறிய வீடு பக்கத்தில் என்று வந்து நின்றால், முதல் ஆண்டுக்குப் பக்கத்து வீட்டையே எடுங்கள் என்பேன். புது வேலையைக் கற்றுக்கொள்ளும் காலத்தில் உடம்பில் தெம்பும், மாலையில் கொஞ்சம் வெளிச்சமும் மிஞ்ச வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல என்பது தெரியும். அவர்களுக்கு வீட்டுக்குள் ஓர் அறை கூடுதலாக இருப்பது தினசரி அமைதிக்கான தேவை. அப்போது 45 நிமிட வரம்பைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் நேரடி வண்டி என்ற நிபந்தனையைத் தளர்த்த வேண்டாம்.

சொந்த மொழிக்காரர்கள் நிறைந்த பகுதியில் இருப்பதா, வேண்டாமா என்ற கேள்வியும் வரும். காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்டக்கூடிய ஒருவராவது அருகில் இருப்பது பெரிய பலம். தொடக்கத்தில் அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதே சமயம், அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நகரம் உங்களுக்கு அறிமுகமாகவே ஆகாது. அரை மணியில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் அவர்கள் இருந்தால் போதும்.

ஒப்பந்தத்தில் மூன்றைத் தேடிப் படியுங்கள்: பாதியில் விலகினால் என்ன இழப்பு, எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் எப்போது திரும்ப வரும். சொல்லில் கொடுத்த உறுதி எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். குடியேறும் நாளில் ஒவ்வோர் அறையையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். முதல் ஆண்டில் கனமான அலமாரி, பெரிய கட்டில் என்று வாங்கிக் குவிக்க வேண்டாம். அந்த ஆண்டில் வீடு வாங்கும் பேச்சையும் எடுக்க வேண்டாம்.

குடிவந்து ஒன்பது மாதம் ஆனதும், தொடக்கத்தில் எழுதிய மூன்று தேவைகளை எடுத்துப் பாருங்கள். மாறியிருந்தால் மாற்றி எழுதுங்கள். இப்போது உங்களுக்கே நகரம் தெரியும். தரகர் தேவையில்லாமல்கூட வீடு கிடைக்கும். முன்னறிவிப்புக் காலத்துக்கு ஒரு மாதம் முன்பே உரிமையாளரிடம் தொடர்வதா, விலகுவதா என்ற பேச்சைத் தொடங்கினால், வாடகை உயர்வைப் பேசி முடிக்கவும் வேறிடம் பார்க்கவும் அவகாசம் இருக்கும்.